சொல்லாமல் இருப்பவருக்கு எட்டு



ஒரு எடிட்டரைத் திறக்கிறோம். இன்னும் ஒரு எழுத்துக்கூட அடிக்கவில்லை. டேப் விசையைத் தட்டினால் கர்சர் எத்தனை இடம் தள்ளிப் போக வேண்டும், பேக்ஸ்பேஸ் எதுவரை அழிக்கலாம், கொடுத்த கட்டளைகளில் எத்தனையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் நம்மிடம் யாரும் கேட்கவில்லை. பந்தியில் உட்கார்ந்ததும் இலை ஓரத்தில் உப்பை வைத்துவிட்டுப் போவதுபோல, முந்நூறுக்கும் மேற்பட்ட முடிவுகளை யாரோ நமக்கு முன்பே எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் மூலநிரலில் எங்கே இருக்கின்றன, எந்த வடிவில் இருக்கின்றன, அவற்றை மாற்ற நினைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இன்றைய பேச்சு.

எடுத்துக்கொண்டது விம் எடிட்டர். லினக்ஸில் கை வைத்தவர்களில் பாதிப் பேராவது அதற்குள் போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் விழித்திருப்பீர்கள். அந்தப் பழைய கேலியை இன்று விட்டுவிடுவோம். விம்மை எழுதியவர் நெதர்லாந்துக்காரரான பிராம் மோலனார். யூனிக்ஸில் விஐ எடிட்டரைப் பழகியவர், அமிகா கணினிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று, ஸ்டீவி என்ற ஒரு நகலை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். 1991-ல் ஃப்ரெட் ஃபிஷ் என்பவர் தொகுத்த இலவச மென்பொருள் வட்டுகளில் 591-ஆவது வட்டில் அது வெளியானது. அப்போது அதன் பெயருக்கு ‘விஐயின் போலி’ என்று பொருள். 1993-ல் ‘மேம்பட்ட விஐ’ என்று விரிவை மாற்றிக்கொண்டார்கள். போலியாகப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கலுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

மோலனார் 1994-ஆம் ஆண்டை உகாண்டாவின் கிபாலே என்ற ஊரில், ஒரு குழந்தைகள் மையத்தில் தொண்டராகக் கழித்தார். விம்மைக் கோப்பு எதுவும் கொடுக்காமல் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் வரி வரவேற்புத் திரையில் அடிக்கடி வரும். வேண்டாம் என்றால் அந்தத் திரையை நிறுத்திவிட ஒரு ஆப்ஷனும் உண்டு. ஆனால் இயல்பாக, அதாவது நாம் வாயைத் திறக்காதவரை, திரை வரும். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். கிபாலேக்கு இத்தனை ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த நன்கொடையில் அந்த இயல்பு மதிப்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

நிரலுக்கு வருவோம். நான் சொல்லப்போவது 2016 செப்டம்பரில் வந்த 8-ஆம் பதிப்பின் நிரல். சி மொழியில் எழுதியது. அதில் ‘ஆப்ஷன்.சி’ என்று ஒரு பெரிய கோப்பு. அதன் வயிற்றில் ‘ஆப்ஷன்ஸ்’ என்று ஒரு நீண்ட அட்டவணை. பின்னாளில் இந்த அட்டவணையை மட்டும் தனி ஹெடர் கோப்புக்கு மாற்றினார்கள். உள்ளே இருப்பது அதே வடிவம்தான். ஆப்ஷன் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பதிவு. பதிவுகள் அகரவரிசையில்தான் இருக்க வேண்டும் என்று மேலே ஒரு எச்சரிக்கைக் குறிப்பு. காரணம் எளிது. பயனர் ஒரு பெயரைச் சொன்னால், முதல் எழுத்தை வைத்து அட்டவணையின் நடுவிலேயே குதித்துத் தேடும் ஒரு சார்பு இருக்கிறது. வரிசை கலைந்தால் அந்தச் சார்பு தடுமாறும்.

டேப்ஸ்டாப் என்ற ஆப்ஷனின் பதிவை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். முதலில் முழுப்பெயர். அடுத்து ‘டிஎஸ்’ என்ற சுருக்கப் பெயர். மூன்றாவதாகச் செங்குத்துக் கோடுகளால் கோத்த சில கொடிகள்: இது எண் வகை, இதற்கு விஐயின் மதிப்பே போதும், மதிப்பு மாறினால் கோப்பைத் திரையில் மறுபடி வரைய வேண்டும். நான்காவதாக, மதிப்பு போய் உட்காரும் மாறியின் முகவரி. ஐந்தாவது, இது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக மாறக்கூடியது என்ற குறிப்பு. ஆறாவதாக, அடைப்புக்குள் இரண்டு கட்டங்கள். இடக் கட்டத்தில் 8. வலக் கட்டத்தில் 0.

இந்த 8 அங்கே எண்ணாக நிற்கவில்லை. எழுத்துச்சரத்தின் பாயிண்டராக வேடம் போட்டு நிற்கிறது. அட்டவணையின் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வகைதான் இருக்க முடியும். சில ஆப்ஷன்களின் மதிப்பு எழுத்துச்சரம், சிலவற்றின் மதிப்பு எண், சிலவற்றுக்கு ஆம் அல்லது இல்லை. எல்லாவற்றையும் பாயிண்டர் என்றே அறிவித்து, எண்ணாக இருந்தால் ‘காஸ்ட்’ போட்டுத் திணித்துவிட்டார் ஆசிரியர். வெளியே எடுக்கும்போது கொடியைப் பார்த்து மறுபடி எண்ணாக்குகிறார். எடுக்கும் அந்த இடத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது: இந்த மாற்றம் மேங்ஸ் சி கம்பைலருக்காக, அந்த மாற்றம் மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்காக என்று. மேங்ஸ் சி அமிகா காலத்துக் கம்பைலர். அதை இன்று யாரும் ஓட்டுவதில்லை. அதற்காகப் போட்ட மாற்றம் மட்டும் நிரலில் அப்படியே இருக்கிறது. தரவு வகை ஒழுங்கை வலியுறுத்தும் இந்தக் காலத்தில் மாணவர்கள் யாராவது தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் குறையும். ஆனால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான முறை ஓடிய நிரல் இது.

இனி அந்த இரண்டு கட்டங்கள். இடப்பக்கம் இருப்பது விஐக்கான மதிப்பு, வலப்பக்கம் இருப்பது விம்முக்கான மதிப்பு. டேப்ஸ்டாப்பில் வலப்பக்கம் இருந்த 0 ஒரு மதிப்பே இல்லை. ‘விஐ மதிப்பே போதும்’ என்ற கொடி இருப்பதால் அந்தக் கட்டத்தை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பழைய கட்டளைகளை நினைவில் வைக்கும் ‘ஹிஸ்டரி’ ஆப்ஷனைப் பாருங்கள். அங்கே இடக் கட்டத்தில் 0, வலக் கட்டத்தில் 50. இரண்டும் பொருள் உள்ளவை. விஐயாக நடந்துகொள் என்றால் எதையும் நினைவில் வைக்காதே. விம்மாக நடந்துகொள் என்றால் ஐம்பதை வை. எந்தக் கட்டத்திலிருந்து எடுப்பது என்று முடிவு செய்வது ஒற்றை வரி: ‘விஐ மதிப்பே போதும்’ என்ற கொடி இருந்தாலோ, விஐயாக நடக்கச் சொல்லும் ‘கம்பேட்டிபிள்’ நிலை ஆன் ஆகியிருந்தாலோ இடம், இல்லையென்றால் வலம். விம்மின் இருபத்தைந்து ஆண்டு அரசியல் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிக் கிடக்கிறது.

டேப்புக்கு ஏன் 8 என்று கேட்பீர்கள். டெர்மினல்கள் 8 இடத்துக்கு ஒரு நிறுத்தம் வைத்திருந்தன. கோப்பை அப்படியே திரையில் கொட்டும் யூனிக்ஸ் கட்டளைகளும் அச்சுப்பொறிகளும் அதையே நம்பின. எடிட்டர் மட்டும் தன்னிச்சையாக 4 என்று மாற்றிக்கொண்டால், உங்கள் திரையில் நேராக நிற்கும் நிரல் அடுத்தவர் திரையில் கோணல் மாணலாகத் தெரியும். விம்மின் கையேடே டேப்ஸ்டாப்பை 8-லேயே விட்டுவிட்டு, உள்தள்ளலுக்கு வேறு ஆப்ஷனைப் பயன்படுத்தச் சொல்கிறது. இந்த 8 எடிட்டருக்கு வெளியே நடந்த ஒப்பந்தம். அதனால்தான் அதற்கு ஒற்றைக் கட்டம்.

ஹிஸ்டரி போன்றவற்றுக்கு இரட்டைக் கட்டம் வந்ததற்குக் காரணம் விஐயின் வயது. விஐயை எழுதிய பில் ஜாய் 1976-ஐ ஒட்டி பெர்க்லியில் அந்த வேலையைத் தொடங்கினார். 300 பாட் வேகத்தில் இயங்கும் மோடத்தின் வழியாக வேலை செய்தவர் அவர். நொடிக்கு 30 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 வரி, 80 எழுத்துத் திரையை முழுவதும் ஒருமுறை வரைய ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். அப்படிப்பட்டவர் எழுதிய எடிட்டர் திரையில் ஒவ்வொரு எழுத்தையும் கருமித்தனமாகத்தான் செலவழிக்கும். நுழைக்கும்போது அழித்த எழுத்தைக்கூட விஐ உடனே துடைக்காது; எஸ்கேப் தட்டிய பிறகுதான் அது மறையும். இந்தமுறை நுழைத்ததைத் தவிர முந்திய எழுத்தில் பேக்ஸ்பேஸ் கை வைக்காது. விம்மின் அட்டவணையில் ‘பேக்ஸ்பேஸ்’ என்ற ஆப்ஷனின் இயல்பு மதிப்பு காலியான மேற்கோள்குறியாக இருந்தது இதனால்தான். காலி என்றால் விஐ போலவே நடக்கும் என்று பொருள். 21-ஆம் நூற்றாண்டில் முதன்முறை விம்மைத் தொட்டவர்கள் பேக்ஸ்பேஸ் வேலை செய்யவில்லை, கீபோர்டு பழுதா என்று குழம்பியதற்குக் காரணம் எழுபதுகளின் திரைப் பழக்கம்.

அட்டவணையில் இன்னும் விநோதமான பதிவுகள் உண்டு. முகவரிக் கட்டத்தில் வெற்று பாயிண்டர் வைத்திருக்கும் ஆப்ஷன்கள் அவை. அவற்றில் ‘டபிள்யூ300’, ‘டபிள்யூ1200’, ‘டபிள்யூ9600’ என்று மூன்று. அவை மோடத்தின் வேகங்கள். குறைந்த வேகத்தில் விஐ சிறிய பரப்பை மட்டும் வரையும் அமைப்பு. விம் இவற்றை என்றைக்குமே செயல்படுத்தவில்லை. ஆனாலும் இவற்றின் பெயரும் இயல்பு மதிப்பும் பட்டியலில் இருக்கின்றன. யாராவது தன் பழைய விஐ அமைப்புக் கோப்பில் இந்தப் பெயரை எழுதி வைத்திருந்தால், ‘தெரியாத ஆப்ஷன்’ என்று விம் அவர் முகத்தில் அடித்துப் பேசக் கூடாது என்பதற்காக. மதிப்பை வைக்க மாறியே கிடையாது, மதிப்பு மட்டும் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு ஆசிரியர்மீது மரியாதை கூடிற்று.

எல்லா இயல்பு மதிப்பையும் இப்படி எழுதி வைக்கவும் முடியாது. செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறும் எண்ணிக்கை, யூனிக்ஸிலும் விண்டோஸிலும் 1000. நினைவகம் குறைந்த பிற இயந்திரங்களுக்கு 100. கம்பைல் செய்யும்போதே எந்த எண் உள்ளே போவது என்று முடிவாகிவிடும். பக்கத்தை உருட்டும் அளவு ஜன்னலின் பாதி. ஜன்னல் எவ்வளவு பெரியது என்பது ஓடும்போதுதான் தெரியும், அதனால் எண்ணுக்குப் பதில் ஒரு சார்பைக் கூப்பிடுகிறார்கள். எந்த ஷெல் என்பதைச் சூழல் மாறியிலிருந்து எடுப்பதும், அது சி ஷெல்லா போர்ன் வழி வந்த ஷெல்லா என்று பார்த்துப் பிழைச் செய்திகளைத் திசை திருப்பும் குறியீட்டை மாற்றுவதும் அப்படித்தான். தொடக்க வேலையையே மூன்று சார்புகளாகப் பிரித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டிருக்கிறார்கள். டெர்மினல் தெரியும் முன் ஒன்று, தெரிந்தபின் இரண்டு, பயனரின் அமைப்புக் கோப்பைப் படித்தபின் மூன்று.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அட்டவணையால் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்க முடியும்: இவர் ஏதாவது சொன்னாரா, சொல்லவில்லையா? சொல்லாமல் இருப்பவர் ஏன் சொல்லவில்லை என்பது நிரலுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பவரும் உண்டு, தெரிந்தே விட்டவரும் உண்டு. இந்த இருவரையும் ஒரே கட்டத்தில் உட்கார வைப்பதுதான் இயல்பு மதிப்பின் தலைவலி.

மோலனார் செய்த முதல் ஏற்பாடு இது. விம் தொடங்கும்போது கம்பேட்டிபிள் நிலை ஆனில் இருக்கும். எல்லா மதிப்பும் இடக் கட்டத்திலிருந்து, அதாவது விஐயாகவே எழும். பயனரின் வீட்டு அடைவில் விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பு தென்பட்டால், இவர் விம்மைத் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு கம்பேட்டிபிளை அணைத்துவிடும். பிறகு அட்டவணை முழுவதையும் ஒரு சுற்று வந்து, பயனர் தானே தொட்ட ஆப்ஷன்களை விட்டுவிட்டு, வலக் கட்டம் உள்ள மற்றவற்றை வலக் கட்டத்துக்கு மாற்றும். யார் எதைத் தொட்டார் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு பதிவிலும் ‘அமைக்கப்பட்டது’ என்று ஒரு கொடி இருக்கிறது. கோப்பில் ஒரு எழுத்தும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கோப்பு இருப்பதே போதும். காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கியதும் எடிட்டரின் குணமே மாறியது பலருக்கு மந்திரம்போல இருந்தது.

நானோ என்ற சிறிய எடிட்டர் இதே பிரச்சினையை வேறு வகையில் தீர்க்கிறது. அங்கே டேப் அளவுக்கு முதலில் -1 வைத்துவிடுகிறார்கள். அமைப்புக் கோப்பும் கட்டளை வரியும் படித்து முடிந்த பிறகும் -1 ஆகவே இருந்தால் பயனர் எதுவும் சொல்லவில்லை என்று பொருள். அப்போதுதான் 8 உள்ளே வருகிறது. ‘எட்டு என்று சொன்னவர்’ வேறு, ‘சொல்லாததால் எட்டு பெற்றவர்’ வேறு என்று பிரித்து வைக்கும் தந்திரம். கொடி வைக்கச் சோம்பல்படும் நிரலர்களுக்கு நல்ல குறுக்கு வழி.

விம்முக்கே திரும்புவோம். ஆண்டுகள் போகப் போக, விஐயைக் கண்ணால் பார்க்காத தலைமுறை விம்முக்கு வந்தது. அவர்களிடம் விம்ஆர்சி இருக்காது. அதனால் அவர்களுக்குக் கிடைத்தது எழுபதுகளின் எடிட்டர். வண்ணம் இல்லை, தேடும்போதே காட்டும் வசதி இல்லை, பேக்ஸ்பேஸ் முரண்டு பிடிக்கிறது. உதவி தேவைப்படும் ஆள்தான் மோசமான மதிப்புகளைப் பெற்றார். அட்டவணையில் மதிப்புகளை மாற்றியிருக்கலாமே என்றால், விம்ஆர்சி வைத்திருக்கும் பழைய பயனர்களின் கோப்புகள் அந்த மதிப்புகளை நம்பி எழுதப்பட்டவை. ஒரு எண்ணை மாற்றினால் எங்கோ ஒருவருடைய இருபது ஆண்டுப் பழக்கம் உடையும்.

8-ஆம் பதிப்பில் மோலனார் அட்டவணையைத் தொடாமல் அதன்மேல் ஒரு அடுக்கு வைத்தார். ‘டிஃபால்ட்ஸ்.விம்’ என்று ஒரு கோப்பு. விம்மின் சொந்த மொழியில் எழுதியது. பயனரிடம் விம்ஆர்சி இல்லையென்றால் மட்டும் அது படிக்கப்படும். அதன் முதல் வேலை கம்பேட்டிபிளை அணைப்பது. அங்கே இருக்கும் குறிப்பு, இது விஐ அமைப்பைவிட எவ்வளவோ மேல் என்று ஆச்சரியக்குறியோடு சொல்கிறது. பிறகு பேக்ஸ்பேஸுக்கு முழு உரிமை, ஹிஸ்டரிக்கு 200, கர்சருக்கு மேலும் கீழும் எப்போதும் 5 வரி தெரிய வேண்டும் என்ற அமைப்பு, வண்ணம், மவுஸ். பழைய பயனரின் தூக்கம் கெடாமல் புதியவரை வரவேற்கும் ஏற்பாடு. வாசிக்கும்போது மிகச் சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. புதியவர் ஒருவர் சில நாள் விம்மைப் பயன்படுத்திப் பழகுகிறார். வரி எண் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று விம்ஆர்சி கோப்பைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதிச் சேமிக்கிறார். அடுத்தமுறை திறந்தால் வரி எண் வந்திருக்கிறது. வண்ணம் போய்விட்டது, பேக்ஸ்பேஸ் மறுபடி முரண்டு பிடிக்கிறது. ஒன்றைக் கேட்டவரிடமிருந்து பத்தைப் பறித்துக்கொண்டது எடிட்டர். விம்ஆர்சி வந்துவிட்டதால் டிஃபால்ட்ஸ்.விம் படிக்கப்படவில்லை. உங்கள் கோப்பின் தொடக்கத்தில் அந்தக் கோப்பை நீங்களே அழைத்துக்கொள்ளுங்கள் என்று கையேடு சொல்கிறது. கையேட்டைப் படிப்பவருக்கு இந்தச் சிக்கலே வராது, வருவது படிக்காதவருக்குத்தான்.

இரண்டாவது ஓட்டை மவுஸ். டெர்மினலில் எழுத்துகளை மவுஸால் தேர்ந்தெடுத்து, வலப் பொத்தானையோ நடுப் பொத்தானையோ அழுத்தி ஒட்டுவது சர்வர்களில் வேலை பார்க்கும் நிர்வாகிகளின் அன்றாடப் பழக்கம். விம் மவுஸைத் தன்வசம் எடுத்துக்கொண்டால் அது நடக்காது. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். 2017-ல் வந்த டெபியன் 9 லினக்ஸ் விம் 8-ஐத் தன்னோடு கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் பல சர்வர்களில் உள்ளே போகிற நிர்வாகி ஒவ்வொரு இயந்திரத்திலும் விம்ஆர்சி வைத்துக்கொண்டிருக்க மாட்டார். எங்கும் ஒரேபோல இருக்க வேண்டும் என்பதற்காகவே வைக்காமல் விட்டவர் அவர். விம்மை யாரைவிடவும் நன்றாக அறிந்தவர். நிரலின் கண்ணுக்கு அவரும் நேற்று வந்த மாணவனும் ஒன்று. இருவரிடமும் கோப்பு இல்லை. மாணவனுக்கு என்று வைத்த மவுஸ் நிர்வாகியின் கையைக் கட்டிப்போட்டது. இயந்திரம் முழுவதற்குமான அமைப்புக் கோப்பில் அணைத்து வைத்தாலும், டிஃபால்ட்ஸ்.விம் அதற்குப் பின்னால் வந்து மறுபடி இயக்கிவிடும். அதைத் தடுக்க ஒரு தனி மாறியை அமைக்க வேண்டும். பிற்பாடு அந்தக் கோப்பில் மவுஸ் அமைப்பைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனால் கோபம் பல ஆண்டு நீடித்தது.

2014-ல் விம்மிலிருந்து பிரிந்த நியோவிம் வேறு வழியில் போனது. கம்பேட்டிபிள் என்ற ஆப்ஷனையே தூக்கிவிட்டார்கள். விஐயாக நடிக்கும் கடமை இனி இல்லை. அட்டவணையைச் சி மொழியிலிருந்து லுவாவுக்கு மாற்றி, கட்டும்போது அதிலிருந்து சி நிரலை உண்டாக்கினார்கள். பேக்ஸ்பேஸின் முழு உரிமை, ஹிஸ்டரிக்கு 10,000, தானாக உள்தள்ளுவது எல்லாம் நேராக அட்டவணையிலேயே ஏறின. வரிகளை இணைக்கும்போது முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி விடும் தட்டச்சுப்பொறிக் காலத்துப் பழக்கம் விம்மில் இயல்பாகவே ஆனில் இருந்தது. நியோவிம் அதை அணைத்தது. விந்தை என்னவென்றால், விஐயைக் கைவிட்ட பிறகும் சில காலம் நியோவிமின் லுவா அட்டவணையில் ‘விஐ’, ‘விம்’ என்ற இரட்டை மதிப்புகள் ஒட்டிக்கொண்டே இருந்தன. பிறகு துடைத்தார்கள். இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். விம்மில் நிரலில் ஒரு மதிப்பு, கையேட்டில் அதே மதிப்பு என்று இரண்டு இடத்தில் கையால் எழுத வேண்டும். ஒன்றை மறந்தால் ஆவணம் பொய் சொல்லும். நியோவிம் கையேட்டின் விளக்கத்தையும் அதே லுவா பதிவுக்குள் வைத்து, இரண்டையும் ஒரே ஊற்றிலிருந்து எடுக்கிறது.

விம் பயன்படுத்துபவனாக இருந்துகொண்டு எமாக்ஸ் எடிட்டரைப் புகழ்வது எங்கள் வட்டாரத்தில் துரோகம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எமாக்ஸின் ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. அங்கே பயனர் மாற்றக்கூடிய ஆப்ஷன் ஒன்றை அறிவிக்கும்போதே பெயர், இயல்பு மதிப்பு, விளக்கம், வகை ஆகியவற்றோடு, இந்த இயல்பு மதிப்பு எந்தப் பதிப்பில் மாறியது என்ற குறியையும் சேர்த்து எழுதலாம். புதிய பதிப்பை நிறுவியதும், ‘பழைய பதிப்பிலிருந்து இதுவரை மாறிய மதிப்புகளைக் காட்டு’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். 2009-ல் எமாக்ஸ் 23 வந்தபோது, தேர்ந்தெடுத்த பகுதியை நிறமிட்டுக் காட்டுவதை இயல்பாக்கினார்கள். பழையவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என்ன மாறியது என்று தேடி அலைய வேண்டியதில்லை. மதிப்பை மாற்றுவதைவிட, சொல்லாமல் மாற்றுவதுதான் மனிதர்களைக் கோபப்படுத்துகிறது என்பது என் கணிப்பு.

விம்மிலும் ஒரு சுவடு கிடைக்கும். ‘வெர்போஸ் செட்’ என்று தொடங்கி ஆப்ஷனின் பெயரைச் சொல்லிக் கேள்விக்குறி போட்டால், மதிப்போடு அதைக் கடைசியாக எந்தக் கோப்பு அமைத்தது என்றும் சொல்லும். அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் அதற்கென்றே ஒரு உறுப்பு இருக்கிறது. கோப்பின் பெயர் வரவில்லை என்றால், பெரும்பாலும் மதிப்பு அட்டவணையிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆப்ஷன் பெயருக்குப் பின் ‘&’ குறி போட்டால் அட்டவணை மதிப்புக்கே திரும்பும்; அதன்பின் ‘விஐ’ என்றோ ‘விம்’ என்றோ சேர்த்தால் குறிப்பிட்ட கட்டத்திலிருந்து எடுக்கும்.

இயல்பு மதிப்பால் சிரமம் மட்டுமில்லை, ஆபத்தும் வரலாம். கோப்பின் முதல் ஐந்து வரிகளிலோ கடைசி ஐந்து வரிகளிலோ எடிட்டருக்கான அமைப்பை எழுதி வைக்கும் வசதிக்கு மோட்லைன் என்று பெயர். அட்டவணையில் அதன் இடக் கட்டத்தில் ‘இல்லை’, வலக் கட்டத்தில் ‘ஆம்’. கோப்பு வேறொருவருடையது என்றால், அவர் உங்கள் எடிட்டருக்கு உத்தரவு போடுகிறார் என்று அர்த்தம். 2019-ல் இந்த வழியாக, ஒரு சாதாரண உரைக் கோப்பைத் திறந்தாலே ஷெல் கட்டளைகள் ஓடும்படி செய்ய முடியும் என்பது வெளியானது. திருத்தமும் வந்தது. மோட்லைனில் கோவைகளை மதிப்பிடும் திறனுக்குத் தனி ஆப்ஷன் வைத்து, அதை இயல்பாக அணைத்தும் வைத்தார்கள். டெபியன் மோட்லைனை முன்பிருந்தே தன் பொதுக் கோப்பில் அணைத்து வைத்திருந்தது. அதனால் அங்கே எதையும் மாற்றாதவர்கள் தப்பித்தார்கள். எதுவும் செய்யாமல் இருந்ததற்குக் கிடைத்த பாதுகாப்பு அது.

கடைசியாக, தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த அட்டவணையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். விம் 8-ல் குறியாக்கத்தின் இயல்பு மதிப்பு லத்தீன்-1. மொழிச் சூழல் வேறொன்றைச் சொன்னால் அது. சூழல் எதுவும் சொல்லாத சர்வரில் தமிழ்க் கோப்பைத் திறந்தால், ‘த’ என்ற ஒரே எழுத்தின் மூன்று பைட்டுகள் மூன்று தனி எழுத்துகளாகத் தெரியும்: தலையில் சாய்கோடு போட்ட ஒரு ஐரோப்பிய உயிரெழுத்து, பதிவுசெய்த வணிகச் சின்னக் குறி, பொதுவான நாணயக் குறி. நியோவிம் உள்ளே யூடிஎஃப்-8-ஐத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்வதில்லை என்பதால் இந்தத் தொல்லை அங்கே இல்லை. உதவிக் கோப்பின் மொழியை விம் சூழலின் மொழிக் குறியீட்டின் முதல் இரண்டு எழுத்திலிருந்து எடுக்கும். தமிழ்ச் சூழலில் ஓட்டினால் தமிழ்க் கையேட்டைத்தான் முதலில் தேடும்; கிடைக்காமல் ஆங்கிலத்துக்கு வரும்.

ஒரு எழுத்தின்மேல் எத்தனை ஒட்டுக்குறிகளைக் காட்டலாம் என்பதற்கு இயல்பு மதிப்பு 2. பெரும்பாலான மொழிகளுக்கு இது போதும், ஹீப்ருவுக்கு 4 தேவைப்படலாம் என்கிறது கையேடு. தமிழுக்கு 2 கச்சிதம். ‘கொ’ என்பதை ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்துச் சேமித்த கோப்பிலும் இரண்டு குறிகள்தான் வரும். இன்னொன்று ‘டெல்கம்பைன்’. இயல்பாக அணைந்திருக்கும். ‘கி’யின்மேல் கர்சரை வைத்து எழுத்தை நீக்கும் விசையைத் தட்டினால் கி முழுவதும் போகும். அந்த ஆப்ஷனை இயக்கினால் முதல் தட்டலில் கொக்கி மட்டும் போய் ‘க’ மிஞ்சும். ‘கி’யைக் ‘கீ’யாகத் திருத்தும்போது இது வசதி. ஆனால் இயக்கிவிட்டால், நீக்கும் விசையை இரண்டு முறை தட்டுவதும், அதன்முன் இரண்டு என்ற எண்ணைப் போட்டு ஒருமுறை தட்டுவதும் வேறு வேறு விளைவைத் தரலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. வேகமாகத் தட்டிப் பழகியவர்களுக்கு அது தொல்லை. நான் அணைத்தே வைத்திருக்கிறேன். தமிழில் மெய்ப்புப் பார்க்கும் என் நண்பர் இயக்கி வைத்திருக்கிறார். ஒருவர் மேசையில் மற்றவர் உட்கார்ந்தால் முதல் வேலையாக அதைத்தான் மாற்றிக்கொள்கிறோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் விம்மைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்கலாம்.